தலைகீழ்ச் சூலம்

ஹட்டன்
14.2.1954

அன்புள்ள அக்கா பேச்சியம்மாவுக்குத் தம்பி செல்லசாமி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு உடம்பு எப்படி? பொன்னையா மச்சானின் முழங்கால் வலி தேவலையா?

டயகமத் தோட்டத்தை விட்டு கவர்மெண்டின் இந்த ரோட்டுக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. நான் பார்க்கிறதை எல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். தெரு என்றால் சும்மா கிடக்கிற தரை என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது, அக்கா. தண்ணீர் ஓடுகிற எந்தக் கானில் எப்போது மண் அள்ளினார்கள், எந்த மதகு எந்த வருஷம் கட்டியது, எந்த இடத்தில் தார் பெயர்ந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சீட்டு வைத்திருப்பது போலத் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள்.

மழை வந்தால் ஊர் முழுக்க ஒதுங்க இடம் தேடி ஓடுகிறது. எங்கள் இஞ்சினியர் துரை மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் இறங்கிவிடுவார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். நாங்கள் பின்னாலேயே நனைந்துகொண்டு போவோம். ரோட்டின் நடு முதுகு இரண்டு ஓரத்தையும் விட மூன்று விரற்கடை உயரமாம். அதனால்தான் தண்ணீர் நிற்பதில்லை. இத்தனை நாள் அதன்மேல் நடந்திருக்கிறேன், என் காலுக்கு அது தெரியவில்லை.

போன வாரம் பசாருக்கு அடியில் போகிற பெரிய கானுக்குள் என்னை இறக்கினார்கள். உள்ளே கருங்கல் வளைவு. வெள்ளைக்காரன் காலத்து வேலை, ஒரு கல்கூட அசையவில்லை. தலைக்கு மேலே பஸ் போகிற சத்தம் கேட்டது. எனக்குக் கை கூப்பவேண்டும் போல இருந்தது. சிரிக்காதே.

இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளாமல் கேள். வியாழக்கிழமை உங்கள் தோட்டத்து ஆற்றங்கரை வரைக்கும் வேலையாக வந்தோம். உன் லயத்து வரிசை வீட்டுக் கூரைப் புகை எனக்குத் தெரிந்தது. நீ மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருப்பாய். ஓவர்சியர் ஐயா அரை மணி நேரம்கூட விடவில்லை. எதற்காக வந்தோம் என்று மட்டும் கேட்காதே. உத்தரவு வருகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
செல்லசாமி


கருங்கல்மலைத் தோட்டம்
ஆற்று லயம், பொகவந்தலாவை
7.3.1954

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா பேச்சியம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் மச்சானின் முழங்கால் குளிருக்கு முணுமுணுக்கிறது, அவ்வளவுதான்.

ஆற்றங்கரை வரைக்கும் வந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் போனவனுக்கு என்ன பேர் வைப்பது? புகையைப் பார்த்தாயாம். புகையைப் பார்க்கவா உன்னைப் பெற்றார்கள்? சரி, போகட்டும். கந்தோர்ச் சோறு அப்படி.

இங்கே ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. நீங்கள் வந்துபோன அதே வாரம் மேட்டில், பாதையோரத்தில், ஒரு கல் முளைத்திருக்கிறது. சதுரக் கல். அதில் சூலம் வெட்டியிருக்கிறது. கடைசி வீட்டுக் காளியாயி அக்கா விறகுக்குப் போனபோது தொப்பி போட்ட ஒரு கவர்மெண்டு ஆள் பக்கத்தில் நின்றானாம். துணி துவைக்க நல்ல கல்லாக இருக்கிறதே, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று காளியாயி அக்கா சொல்லியிருக்கிறது. அந்த ஆள் முகம் வெளுத்துப்போய், “ஆத்தா, இது சூலக்கல்லு. தொட்டா கண்ணு போயிரும்”னு சொன்னானாம். கவர்மெண்டு ஆளே பயப்படுகிறான் என்றால் சும்மாவா?

ஒரு சங்கடம். சூலம் தலைகீழாக இருக்கிறது. மூன்று முனையும் கீழே பார்க்கின்றன. பிடி மேலே நிற்கிறது, அதற்கும் மேலே ஒரு குறுக்குக் கோடு. கவர்மெண்டு ஆட்களுக்குச் சாமி நடத் தெரியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

நான் தினமும் அதைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறேன். நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். எதற்கென்று உனக்குத் தெரியும். மீனம்மா போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருந்து, இந்தப் பக்கம் என் பிள்ளை, நடுவில் கட்டைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் காய்ச்சல். நாலு வயது உடம்பு எவ்வளவு தாங்கும்? அதற்குப் பிறகு என் வயிறு திறக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. அடுத்த தடவை புகையைப் பார்த்தால் உள்ளே வா.

அக்கா
பேச்சியம்மா


ஹட்டன்
21.3.1954

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. உன் திட்டும் கிடைத்தது, அது எனக்குச் சத்து மாதிரி. இங்கே நான் சுகம், கொஞ்சம் இருமல் மட்டும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவாய். இந்த உலகத்தில் எல்லா இடத்துக்கும் ஒரு உயரம் உண்டு, அந்த உயரத்துக்கு ஒரு எண் உண்டு. எல்லாம் கொழும்புக் கடலிலிருந்து எண்ணுவது. கடற்கரையில் ஆரம்பித்து, மூன்று கால் ஸ்டாண்டில் லெவல் பெட்டியை வைத்து, ஒருத்தன் முன்னாலே அளவுக்கட்டையைப் பிடித்து நிற்க, இவ்வளவு ஏறியது, இவ்வளவு இறங்கியது என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நூறு மைலுக்கு மேல், மலை மேல் மலை ஏறி வந்திருக்கிறார்கள், அக்கா. வழியில் அங்கங்கே அடையாளம் வைத்துக்கொண்டு வந்தால் பின்னால் வருகிறவன் கடலுக்குத் திரும்பிப் போகவேண்டாம். அந்த அடையாளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கடலை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஆனால் நம் காலடிக்கும் கடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதை முதல் தடவை கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் கல்லைப் பற்றி எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் எந்தச் சாமியும் இருக்கிற இடத்தில் இருந்தால்தான் அதற்கு மரியாதை. கும்பிடுவதானால் தள்ளி நின்று கும்பிடுங்கள். யாரும் கை வைக்கவேண்டாம். காளியாயியிடம் நான் சொன்னதாகச் சொல். சூலம் எப்படி இருந்தால் என்ன?

மீனம்மாவைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மனதைத் தளரவிடாதே.

தம்பி
செல்லசாமி


கருங்கல்மலைத் தோட்டம்
3.10.1954

என் தம்பி செல்லசாமிக்கு, அக்கா இந்தத் தடவை நல்ல சேதியோடு எழுதுகிறேன். ஆறு மாதமாக எழுதவில்லையே என்று நினைத்திருப்பாய். உறுதியாகத் தெரியட்டும் என்றுதான் காத்திருந்தேன். நான் முழுகாமல் இருக்கிறேன். இது மூன்றாம் மாதம். மருத்துவச்சி ராசம்மாவும் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள்.

இது சூலக்கல் கொடுத்த பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்திரையில் லயத்து ஆட்கள் கூடிப் பேசினோம். சாமியைப் பாதையோரத்தில் மாடு உரசுகிற இடத்தில் விடலாமா? அதுவும் தலைகீழாக? அதனால் மேட்டிலிருந்து எடுத்து, கீழே ஆற்றோரத்துச் சவுக்கு மரத்தடியில் வைத்து, சூலம் நிமிர்ந்து நிற்கிறபடி திருப்பி நட்டிருக்கிறோம். சுற்றிக் கல் அடுக்கி, சிவப்புத் துண்டு சாத்தி, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கிறோம். பார்த்தால் நீயே அசந்துபோவாய். நான் அன்றைக்கே பிள்ளைக்கு நேர்ந்துகொண்டேன்.

ஆடிப்பெருக்குக்கு வழக்கம்போல வெள்ளம் ஏறின மட்டத்தில் பாறையில் கோடு கீறி மஞ்சள் பூசினோம். இந்த வருஷம் வெள்ளம் குறைவு. அதுவும் சாமி செயல்தான்.

நீ கை வைக்கவேண்டாம் என்று எழுதியிருந்ததைக் காளியாயி அக்காவிடம் சொன்னேன். கந்தோர்ப் பையனுக்குச் சாமி காரியம் என்ன தெரியும் என்று கேட்டுவிட்டது.

உனக்கும் ஒரு பெண் பார்க்கவேண்டும் என்று உன் மச்சான் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பனிக்கு முன்னே கம்பளி வாங்கிக்கொள்.

அக்கா
பேச்சியம்மா


ஹட்டன்
10.10.1954

அக்கா,

உன் வயிற்றில் பிள்ளை என்றதும் அழுதுவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் சுற்றினேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

காளியாயியிடம் பேசிய தொப்பிக்காரன் நான்தான், அதற்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தக் கல்லை நட்டவனும் நான்தான். அது சூலம் இல்லை, அக்கா. கவர்மெண்டு அம்பு. கீழே விரிந்த மூன்று கோடு மேலே ஒன்றாகச் சேர்கிற அம்பு, அதன் தலையில் ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோடு கடலிலிருந்து நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு அடி. நாங்கள் ரோட்டோரமாக லெவல் எடுத்துக்கொண்டே வந்து கடைசியாக வைத்த அடையாளம் அது. காளியாயி துவைக்கிற கல்லாக ஆக்கிவிடுமே என்று பயந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ அதைக் கும்பிடுகிறாய் என்று தெரிந்தபோதாவது உண்மையை எழுதியிருக்கவேண்டும். சாமியென்று இருந்தால் கல் பத்திரமாக இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

எதற்கு அந்தக் கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உத்தரவு மீறல்தான், பரவாயில்லை. உங்கள் ஆற்றுக்குப் பாலம் வருகிறது. கருங்கல் கால், இரும்பு உத்தரம், லாரி போகிற பாலம். பசாரிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகிற ரோடு உன் லயத்துக்கு முன்னால் போகும். தை மாதம் பாலத்துக்கு அளவு குறிக்க ஆட்கள் வருவார்கள். அவர்கள் புத்தகத்தில் பாதையோரக் கல் என்றுதான் இருக்கிறது. நான் இப்போது டவுன் கான் வேலையில் இருக்கிறேன், என்னை அனுப்பமாட்டார்கள். வருகிறவர்கள் கல் இடம் மாறியது தெரியாமல் சவுக்கு மரத்தடியில் இருக்கிற கல்லின் மேல் அளவுக்கட்டையை வைப்பார்கள். மேடு எங்கே, ஆற்றோரம் எங்கே? குறைந்தது நாலடி இறக்கம். கல் நாலடி இறங்கினால் பாலமும் நாலடி இறங்கும். முதல் ஆடி வெள்ளமே அதை அடித்துக்கொண்டு போய்விடும், அல்லது மேலேறி ஓடும்.

வெளியே தெரிந்தால் கல்லைப் பிடுங்கியவன் மேல் வழக்கு வரும். அதனால் நீங்களே அதைப் பழைய குழியில் கொண்டுபோய், முன்பு இருந்தபடியே வைத்துவிடுங்கள். யார் எடுத்தது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் தம்பி
செல்லசாமி


ஹட்டன்
14.11.1954

அன்புள்ள அக்காவுக்கு, நீ சுகமாக இருக்கிறாயா என்ற ஒரு வரியாவது எழுது.

தீபாவளிக்கும் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையாட்டிவிட்டுப் போகிறார். உன் கோபம் நியாயம்தான். ஆனால் பாலத்துக்கு உத்தரவு வந்துவிட்டது, அக்கா. ஓவர்சியர் ஐயா படத்தை விரித்துக் காட்டினார். நீலத்தாளில் வெள்ளைக் கோடு. உங்கள் ஆறு, அந்தப் பெரிய பாறை, லயம், எல்லாம் இருக்கிறது. உன் வீட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆள் குடியிருக்கிற லயத்தை ஒரு கந்தோர் படம் எழுதியதை நான் பார்த்ததே இல்லை. தேயிலையைத்தான் எழுதுவார்கள்.

ரோலர் ஓட்டுகிற பாவா நானாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையில் சேர்ந்து முப்பது வருஷம். “தம்பி, தெரு பொய் சொல்லாது. தண்ணி வந்து கேட்டா உள்ளதைச் சொல்லிப்புடும்” என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பதில் போடு.

தம்பி
செல்லசாமி


கருங்கல்மலைத் தோட்டம்
28.11.1954

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை அசைகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். உன் மச்சான் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு வருஷம் கழித்து ஒரு சாமி கண் திறந்தது, அது சாமியில்லை, என் தம்பி சொன்ன பொய் என்று தெரிந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாயா? நான் யாரிடம் நேர்ந்துகொண்டேன், உன்னிடமா?

கல்லைத் திருப்பி வைக்க முடியாது. லயத்தில் பேசிப் பார்த்தேன். கொடுத்த சாமியைக் குழியில் தலைகீழாகப் போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று காளியாயி அக்கா சொல்கிறது. அது சொல்லாவிட்டாலும் எனக்கே கை வராது. பழைய குழியும் இப்போது இல்லை. மழையில் சரிந்து மண்மூடிவிட்டது.

நீ கேட்காததைச் சொல்கிறேன். ஊர் கூடி எடுத்தது என்று எழுதினேன் இல்லையா? பேசினது ஊர். எடுத்தது உன் மச்சான். ஒற்றை ஆளாகத் தோண்டி, நோகிற முழங்காலோடு தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். மீனம்மாவைப் புதைக்கக் கொண்டுபோனதற்குப் பிறகு அவர் தோளில் எதையும் சுமந்ததில்லை. ஏன் நீங்களே தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். “எனக்கும்தானே புள்ளை வேணும்”னு சொன்னார்.

வழக்கு வந்தால் தோட்டத்தில் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பாலமும் வேண்டும். பாலம் இருந்திருந்தால் என் மீனம்மா இன்றைக்கு ஆறு வயதுப் பெண். நான் என்ன செய்வேன்? நீ கந்தோர் ஆள், நீயே சொல்.

பேச்சியம்மா


ஹட்டன்
5.12.1954

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் வந்த மறுநாளே இஞ்சினியர் துரையிடம் போய்விட்டேன். மச்சானிடம் சொல், பயப்படவேண்டாம்.

மழையில் அவர் தெருவில் நின்றபோதுதான் சொன்னேன். கந்தோருக்குள் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நான் சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை யார் எடுத்தது என்ற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்கவும் இல்லை. கல்லைக் காப்பாற்றத்தானே பொய் சொன்னாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் நீயே அளவுக்கட்டையைத் தூக்கு, இரண்டு மைல் தள்ளி இருக்கிற முந்திய கல்லிலிருந்து மறுபடி அளந்து வருவோம் என்றார்.

வேலை போய்விடும் என்று மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். பாவா நானா அதை அவிழ்த்துவிட்டு எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் வருகிறோம். துரையும் வருகிறார். அவர் கல்லைப் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. காளியாயியைக் கொஞ்சம் தூரமாக வை.

தம்பி
செல்லசாமி


கருங்கல்மலைத் தோட்டம்
19.12.1954

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். நீ அளவுக்கட்டையோடு தூரத்தில் நின்றாய், உன் காதில் எல்லாம் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

காளியாயி அக்காவைத் தூரமாக வைப்பதா? அது மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது. “என் உசுரு இருக்குற வரைக்கும் கல்லுல ஒருத்தரும் கை வைக்க முடியாது”ன்னு சொல்லிவிட்டது. துரை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். தொப்பியையும் கழற்றி ஓவர்சியரிடம் கொடுத்தார். வெறுங்காலோடு கிட்டே போய், துண்டை விலக்கிப் பார்த்தார். அம்பு தலைகீழாக இருப்பதைக் கண்டதும் அவருக்கு வந்த சிரிப்பை அடக்கிய அழகு இருக்கிறதே, முதுகே குலுங்கியது. பிறகு ஓவர்சியர் மூலமாகச் சொன்னார். ஒரு தடவை அசைந்த கல் எங்களுக்கு இனி உதவாது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கல் இடம் மாறியது என்று மட்டும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். யார் மாற்றியது என்று எழுதவில்லை. உன் மச்சான் பின்னால் நின்றுகொண்டு அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் துரை ஆற்றைப் பார்த்தார். வெள்ளம் எதுவரைக்கும் ஏறும் என்று புத்தகத்தில் ஒரு உயரம் இருக்கிறதாம். அந்த இடத்தில் ஒரு முளையை அடித்துக் காட்டினார்கள். நாங்கள் பொம்பளைகள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டோம். எதற்கு என்று கேட்டார். வாங்க ஐயா என்று பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் கோடுகளைப் பார்த்ததும் அவர் மலைத்துப்போய் நின்றுவிட்டார். வருஷத்துக்கு ஒரு கோடு, காளியாயி அக்காவின் மாமியார் காலத்திலிருந்து முப்பத்தொரு கோடு. ஒவ்வொன்றையும் விரலால் தடவி எண்ணினார். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு கோடு இருக்கிறது. அதில் மட்டும் மஞ்சள் புதுசாக இருந்தது. இவ்வளவு உயரமா, நிச்சயமா என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

“நிச்சயங்க. அன்னிக்கு இந்தப் பாறை மேலதான் புள்ளையைத் தோளில போட்டுக்கிட்டு நின்னேன். தண்ணி எறங்குமா எறங்குமான்னு பொழுது முச்சூடும் இந்த எடத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்கல.”

ஓவர்சியர் அதைச் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டுப் பாறையைப் பார்த்தார். துரை வேண்டாம் என்று கையைக் காட்டினார். புரிந்துவிட்டது போல.

உனக்குக்கூடச் சொன்னதில்லை. மற்றக் கோடெல்லாம் ஆடிக்கு ஒரு தடவை. அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் நான் மாதாமாதம் மஞ்சள் பூசுகிறேன். அழிந்துபோனால் அவளோடு நான் நின்ற இடமே இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம்.

அக்கா
பேச்சியம்மா


ஆற்றங்கரை முகாம்
3.4.1955

அன்புள்ள அக்காவுக்கு, கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. நேரில் வந்தால் நீ சோறு போடுவாய், நான் தின்பேன், சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விடுவேன். நாளெல்லாம் படுத்தே இரு, இன்னும் மூன்று வாரம்தானே என்று ராசம்மா சொன்னதைக் கேள்.

அன்றைக்கு நான் தூரத்தில் நிற்கவில்லை. பாறைக்குப் பின்னால்தான் நின்றேன். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. நீ லயத்துக்குத் திரும்பிய பிறகு அளவுக்கட்டையை உன் கோட்டின் மேல் வைத்தவன் நான்தான். கட்டை ஆடுகிறது, நேராகப் பிடி என்று லெவல் பெட்டிக்காரன் கத்தினான். நான் என்ன செய்ய?

உன் கோடு புத்தகத்து வெள்ளத்துக்கு மூன்றடி மேலே இருந்தது. புரிகிறதா, அக்கா? நான் பொய் சொல்லாமல், நீங்கள் கல்லைத் தொடாமல், எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் இந்தப் பாலம் வெள்ளத்துக்குள்தான் நின்றிருக்கும். கந்தோர்ப் புத்தகத்தை எழுதியவர்கள் வெயில் காலத்தில் வந்து பார்த்திருக்கிறார்கள். துரை அன்றைக்கே படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். பாலம் ஐந்தடி ஏறியது, இரண்டு பக்கமும் ரோடு ஏறியது, மதகு இரண்டு கூடியது. மஞ்சள் பூசின ஒரு கோட்டுக்காக ஒரு கந்தோர் முழுக்க எழுந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

உத்தரங்கள் ரயிலில் ஹட்டனுக்கு வந்து, லாரியில் மலை ரோட்டில் வளைந்து வளைந்து ஒவ்வொரு முடக்காக இங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்தாய்தானே? முடக்குக்கு முடக்கு இறங்கி, மரக்கட்டை கொடுத்துத் திருப்பினோம். நாற்பது பேர் சேர்ந்து ஒரு குரலில் இழுத்தபோது இரும்பு கரையை விட்டுக் கிளம்பியது. மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. பாவா நானா ரோலரை நிறுத்திவிட்டு, பிஸ்மி சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது சொல்ல வந்தது. ஆற்றங்கரையில் புது அடையாளக் கல் வைக்கவேண்டாம், யாரும் அசைக்க முடியாத இடத்தில் வெட்டிவிடுங்கள் என்று துரை சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கொத்தனார் உன் பாறைக்கு வருகிறான். அம்பின் தலையில் வருகிற குறுக்குக் கோடு சரியாக உன் கோட்டின் மேலேயே வரும். அதற்கு எண்ணும் போட்டாயிற்று. இனி இந்தப் பக்கம் யார் ரோடு போட்டாலும் மீனம்மாவின் கோட்டில் கட்டையை வைத்துத்தான் ஆரம்பிக்கவேண்டும்.

நீ இனி மாதாமாதம் இறங்கிப் பூசவேண்டாம், அக்கா.

உன் தம்பி
செல்லசாமி


கருங்கல்மலைத் தோட்டம்
24.7.1955

என் தம்பி செல்லசாமிக்கு, அக்கா, மச்சான், மூன்று மாதத்து அழகன், மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். கடைசியில் எழுதவேண்டியதை முதலிலேயே எழுதிவிட்டேன், நீ பதறிவிடுவாய் என்று.

கொத்தனார் வெட்டிவிட்டுப் போன சூலம் மறுபடியும் தலைகீழாகத்தான் இருக்கிறது. திருப்பி வெட்டச் சொல்லலாமா என்று லயத்தில் பேச்சு வந்தது. காளியாயி அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இருக்கட்டும், மூன்று முனையும் ஆற்றைக் குத்திக்கொண்டு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டது. மரத்தடிக் கல்லுக்கும் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு. நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான். கடலிலிருந்து இத்தனை மலை ஏறி என் வாசலுக்கு வந்த கல் சாமியில்லை என்று சொல்ல நீ யார்?

இந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை அழகனுக்கு உடம்பு சுட்டது. வியாழன் விடிந்தபோது பால் குடிக்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். ஆறு செம்மண்ணாக, மரத்தைப் புரட்டிக்கொண்டு, அன்றைக்கு வந்த அதே சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மச்சான்தான் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக் கையில் கொடுத்து, “எந்திரி, போவோம்” என்றார்.

பாலத்தின் நடுவில் நின்று பாறையைப் பார்த்தேன், தம்பி. பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். தண்ணீர் முனைகளை மூடி, பிடியை மூடி, என் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாலம் காலுக்கடியில் அசையவில்லை. தண்ணீருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

அந்தப் பக்கம் போய், டிஸ்பென்சரியில் காட்டி, மருந்து வாங்கிக்கொண்டு, மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

அக்கா
பேச்சியம்மா